பிப்ரவரி இருபத்தொன்பதின் அறிஞர்

எங்கள் அப்பா சொன்ன எதையும் என் அண்ணன் காதில் போட்டுக்கொண்டது கிடையாது. வாத்தியார்கள் சொன்னதும் அப்படித்தான். ஆனால் தினசரி காலண்டர் தாளின் அடியில் யாரோ ஒரு கிரேக்கர் சொல்லிவிட்டால் போதும், மறுபேச்சே இல்லை. அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவுக்குக் கிளம்பும் முன் தாளைக் கிழித்து, அண்ணியின் காதில் விழும்படி உரக்கப் படிப்பார். சீனப் பெரியவர் ஒருவர் கோபத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்த நாளிலிருந்து ஹாரன் அடிப்பதையே பாதியாகக் குறைத்தார். சிகரெட்டை விட வைத்தவர் ஒரு ரோமாபுரிக்காரர். அண்ணியோடு மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் முறுக்கிக்கொண்டு இருந்தவர், முதலில் பேசுகிறவனே பெரியவன் என்று ஒரு தாள் சொல்லவும், நேரே சமையலறைக்குப் போய், "தண்ணி கொடு" என்றார். அண்ணி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர்.

காலண்டர் போடும் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறார். அவருடைய பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 'தத்துவம்' என்று கேட்டால்தான் கையைக் காட்டுவார்கள். நூலகத்தில் உட்கார்ந்து உலகத்தில் உள்ள தத்துவஞானிகளையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். அதிலிருந்து வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து வரி. அத்தனை பெரிய மனிதர்களோடு பழகியும் வீட்டில் அவருக்கு வாயே கிடையாது. குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்ல மாட்டார், தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் 'பிடிச்சிருக்கு' என்று சொன்னதும் இவருடைய அம்மாதான். நான் அவருக்கும் சேர்த்துப் பேசிப் பேசியே என் தொண்டை இப்படி ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் புது ஷூ கடித்து அண்ணனுக்குக் கால் விரலில் புண். சர்க்கரை உடம்பு. எங்களிடம் சொல்லாமல் மருந்து தடவிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்துவிட்டது.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல. ரெண்டு நாளுக்குள்ள கையெழுத்துப் போடுங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து பர்ஸை எடுத்தார். லைசென்ஸுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தாள். பிப்ரவரி 29. மடிப்பு மடிப்பாக மஞ்சளித்திருந்தது. படித்துக் காட்டினார்.

'குறைந்து நீள்வதைவிட நிறைந்து முடிவது மேல். — ஒரு கிரேக்க அறிஞர்.'

"பன்னெண்டு வருஷமா இது என் பையில இருக்கு டாக்டரம்மா. ரெண்டு காலோட வந்தேன், ரெண்டு காலோடயே போயிடறேன்."

"அந்த கிரேக்கருக்குச் சர்க்கரை இருந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா. அண்ணன் மட்டும்தான் சிரித்தார்.

சுவரோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு பேர் முன்னால் என் விரலைக்கூடத் தொடாத மனுஷன், கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அதை எந்த அறிஞரும் சொல்லல. நான் எழுதினது."

"எதை?"

"அந்த வரியை. அது லீப் வருஷம். நான் வழக்கம்போல முந்நூத்தி அறுபத்தஞ்சுதான் எடுத்து வச்சிருந்தேன். ஒரு தாள் காலியா இருக்குன்னு மிஷின்ல ஏறப்போற நேரத்துல பார்த்தாங்க. முதலாளி தலைக்கு மேல நின்னு கத்தறார். ரெண்டு வரிக்குள்ள அடங்கணும். அவ்வளவுதான் யோசிச்சேன்."

"அடப்பாவி மனுஷா! தாள் காலியா போனா குடியா முழுகிடும்? என் அண்ணன் உசிர்தானா கிடைச்சுது உங்களுக்கு?" என்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை அதட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்படி நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னார். அண்ணன் நம்பினால்தானே!

"என் மேல உள்ள பாசத்துல பொய் சொல்றீங்க மாப்பிள்ளை. உங்களுக்குப் பொய் வராது, விட்டுடுங்க. நீங்க எங்க, கிரேக்கர் எங்க?"

அண்ணி அண்ணனின் காலடியில் உட்கார்ந்து மன்றாடினாள். நான் கத்தினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். எதற்கும் அசையவில்லை. மறுநாள் காய்ச்சல் கண்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது.

"எழுதத்தான் தெரியுமே உங்களுக்கு. அதே கிரேக்கர் பேர்ல இன்னொண்ணு எழுதுங்க. கால் போனாலும் வாழணும்னு எழுதுங்க. காலண்டர் தாள்லயே அடிச்சுக் கொண்டாங்க."

உட்கார்ந்தார். எழுதினார், எழுதினதை அடித்தார், மறுபடியும் எழுதினார். ஒன்றும் வாய்க்கவில்லை. டாக்டரம்மா கொடுத்த ரெண்டு நாளும் தாண்டிவிட்டது.

"சாகச் சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம், வாழச் சொல்றதுக்கு ரெண்டு நாளா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அப்போது இருந்த இருப்பில் வேறு என்ன கேட்பேன்?

எழுத உட்கார்ந்த மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தார். 'இழந்ததை எண்ணாதே, இருப்பதைக் கொண்டு நட.' எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பழைய காலண்டரில் கிடைத்தது என்று சொல்லி நானே அண்ணனிடம் கொடுத்தேன். அண்ணன் தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"மை வாசனைகூடப் போகல பாப்பா. யார் அடிச்சது, மாப்பிள்ளையா?"

அண்ணன் பர்ஸிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துப் புதுசோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப அதுவும் நீங்கதானா மாப்பிள்ளை?" என்றார்.

இவர் தலையாட்டினார்.

அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தேன். அண்ணன் அந்த மஞ்சள் தாளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதுன்னா இன்னும் நல்லது. கிரேக்கரை நான் பார்த்ததில்ல, உங்களைப் பார்த்திருக்கேன். யாருக்காகவும் இல்லாம அன்னைக்கு மனசுல பட்டதை எழுதினீங்க, அதான் நிஜம். இது தங்கச்சி அழுதாளேன்னு எழுதினது. இது சரியா வரல."

இனி யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது? எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? சொன்னவனே வந்து மாற்றிச் சொல்லியும் கேட்காதவரை என்ன செய்ய முடியும்?

அப்போது என் வீட்டுக்காரர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். அண்ணனின் நல்ல காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"செத்துடாதீங்க மச்சான்" என்றார். "எனக்கு அவ்வளவுதான் தெரியும். செத்துடாதீங்க. எனக்கு வேற யாரு இருக்கா? நான் போய்ப் பேசறதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நான் வந்தா பேசவே மாட்டேன்தான், சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். ஆனா வர்றேன் இல்ல? எங்கே வருவேன் இனிமே?"

மூக்கும் கண்ணும் ஒழுக, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அண்ணன் அவர் தலையில் கை வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பேனா இருக்கா பாப்பா?" என்றார்.

கையெழுத்துக் கோணல்மாணலாக விழுந்தது. டாக்டரம்மா சம்மதப் படிவத்தை வாங்கிப் பார்த்தார், காய்ச்சல் சீட்டைப் பார்த்தார். "முந்தாநாள் போட்டிருக்கலாமே" என்றார். "இப்ப முழங்காலுக்கு மேல எடுக்கணும். விஷம் ரத்தத்துல கலந்துடுச்சு. பார்க்கலாம்."

எடுத்தார்கள். மறுநாள் காலையில் அண்ணனுக்கு நினைவு வந்தது. அப்போது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அண்ணன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார், ஒரு வாய் குடித்தார்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு பாப்பா. குறைஞ்சாலும் ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்போல இருக்கு."

மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

எட்டு மாதமாகிறது. அடுத்த வருஷக் காலண்டருக்கு இவர் மறுபடியும் நூலகத்துக்குப் போய்வருகிறார். முன்னைவிட அதிகமாகவே பேசுகிறார், குழம்பில் உப்பு இல்லையென்றால் சொல்கிறார். "மச்சான் கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்பட்டார் என்று சொன்னால், தான் எழுதின அந்த ஒரு வரி இவரை ஆயுசுக்கும் விடாது. தண்ணீர் கேட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.