பதினோரு வியாழக்கிழமைகள் சொன்ன பொய்

முதல் அறிகுறியை நான் நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுத் திருத்தணிக்கு வந்த புதிதில், எந்த டீக்கடைக்குப் போனாலும் சுவரை ஒட்டிய பெஞ்சில்தான் உட்காருவேன். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் டீ தொண்டையில் இறங்காது. சுவரோரம் இடமில்லை என்றால் குடிக்காமலே திரும்பிவிடுவேன். மிலிட்டரிக்காரர் என்றால் ஒரு ஒழுங்கு இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு சாலைகள் ஆகாமல் போயின. ஒருநாள் அரக்கோணம் போகும் வழியில் நடுரோட்டில் ஒரு சிமெண்டுப் பை கிடந்தது. காற்றில் லேசாக அசைந்தது. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். என் மனைவி தனலட்சுமி ஏன் என்று கேட்டதற்கு, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். பெட்ரோல் தீர்ந்த வண்டி எப்படி வீடு வந்து சேர்ந்தது என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டவை அந்த ஆண்டில் நிறைய.

கேட்டே ஆகவேண்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் உட்கார்ந்து மிக்சியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் காவ்யா, அப்போது பதினொரு வயது, தண்ணீர்ச் சொம்போடு பின்னால் வந்து என் தோளைத் தொட்டாள். அடுத்து எனக்குத் தெரிந்தது அவள் அலறல்தான். அவளுடைய மணிக்கட்டு என் கையில் முறுக்கியபடி இருந்தது. எலும்பில் விரிசல், மூன்று வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் போட்ட கையோடு அவளைப் பள்ளிப்பட்டில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள் தனலட்சுமி. பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றினாள். என்னிடம் அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "டாக்டர் சரின்னு சொன்னா பொண்ணு வரும் பாவா. அதுவரைக்கும் கேக்காதீங்க" என்றாள். அவள் என் மாமன் மகள். சிறுவயதிலிருந்தே என்னைப் பாவா என்று கூப்பிடுபவள், அன்று அதை அந்நியரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

சென்னையில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாக (உள்ளே தங்காமல், வந்து பார்த்துவிட்டுப் போகும் நோயாளி) பதிந்துகொண்டேன். மருத்துவர் இளையவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் (ஆபத்து முடிந்த பிறகும், முடியவில்லை என்றே உடல் நடந்துகொள்வது) என்றார். சுவரோரம் தேடுவது மிகை விழிப்பு (எந்நேரமும் காவல் நிற்கும் நிலை). மாத்திரை எழுதினார். மாதம் ஒருமுறை நேரில் வரவேண்டும், இடையில் வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவர் போனில் பேசுவார் என்றார்.

"போன்லயா?" என்றேன்.

"ஆமா. திருத்தணியிலேர்ந்து வாரா வாரம் ரயில் ஏறி வர முடியுமா உங்களால?"

முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அன்று வந்ததே தனலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, ரயில் பெட்டியின் கடைசி இருக்கையில்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் நான் வயர்லெஸ் ஆள். பதினேழு வருடம் காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாக இருந்தவன். செட்டில் பேசுவதற்கென்று ஒழுங்கு உண்டு. சுருக்கமாகப் பேச வேண்டும். குரல் ஒரே சீராக இருக்க வேண்டும். சொந்த விஷயம் ஒரு சொல்கூட வரக்கூடாது, ஏனென்றால் கேட்பவன் நம் ஆள்தான் என்று உறுதியில்லை. காய்ச்சலோ பசியோ பயமோ, எதுவானாலும் நிலவரம் கேட்டால் பதில் "எல்லாம் சரி" தான். அப்படிப்பட்டவனுக்குப் போனில் வைத்தியம்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. ஆலோசகர் பெயர் ஜெயந்தி. நிதானமான குரல். அந்தக் குரல் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னை அறியாமலே குதிகால் இரண்டும் சேர்ந்துவிட்டன.

"எப்படி இருக்கீங்க சார்?"

"எல்லாம் சரி மேடம்."

"தூக்கம்?"

"ஆறு மணி நேரம்."

"மாத்திரை?"

"ஒழுங்கா போகுது. வேற ஒண்ணும் இல்ல மேடம்."

மூன்று நிமிடத்தில் முடிந்தது. தூக்கம் இரண்டு மணி நேரம்தான். ஆனால் எனக்குப் பொய் சொன்ன உணர்வே இல்லை. அறிக்கை கொடுத்த திருப்திதான் இருந்தது. வீட்டின் முன்கட்டில் தனலட்சுமிக்கு இரண்டு விசைத்தறி ஓடும். தறிச் சத்தம் என்னை ஒன்றும் செய்யாது. கரண்ட் போய் அது சட்டென்று நிற்பதுதான் ஆகாது. அது ஓடும்போது நான் பேசுவது அவள் காதுக்குப் போகாது என்பது கூடுதல் வசதி.

மூன்றாவது நான்காவது வாரத்தில் பழக்கத்தோடு பேராசையும் சேர்ந்தது. அறிக்கை நன்றாக இருந்தால் மருத்துவர் சரி என்பார், அவர் சரி என்றால் மகள் வருவாள். கடைவீதிக்குப் போகிறேன் என்றேன். கூட்டத்தில் நிற்கிறேன் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நான் வரிசையாகப் பதினோரு வியாழக்கிழமை செய்தேன். ஜெயந்தி சிலசமயம் பதில் சொல்லாமல் மௌனமாக இருப்பார். வயர்லெஸ்காரனுக்கு மௌனம் என்றால் லைன் அறுந்தது என்று பொருள். "ஹலோ, மேடம், கேக்குதா?" என்று பதறுவேன். "கேட்டுட்டுதான் இருக்கேன் சார்" என்பார். உடனே இன்னொரு நல்ல செய்தியைச் சொல்லி அந்த இடத்தை நிரப்புவேன்.

மருத்துவர் அறிக்கைகளைப் பார்த்தார், திருப்தி என்றார். மகள் விடுமுறைக்கு வந்துபோகலாம் என்றார். ஆடிக்கிருத்திகைக்குக் காவ்யா வந்தாள்.

அன்றைக்கு எங்கள் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. மலையடிவாரம் முழுக்கப் புஷ்பக் காவடிகள், மொட்டைத் தலைகள், பம்பைச் சத்தம். "கூட்டிக்கினு போ நைனா" என்று காவ்யா கேட்டாள். தனலட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். "உங்களால முடியுமா பாவா? நெஜமா சொல்லுங்க" என்றாள். "மேடம்கிட்ட போன்லதான் சொல்லிகினு இருக்கேனே, தெனமும் கடைவீதி போறேன்னு" என்றேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

படிக்கட்டை நெருங்கும்போது பக்கத்துக் கடைக்காரர் யாரோ இரும்பு ஷட்டரைத் தடாலென்று இறக்கினார். அதற்குப் பிறகு நான் திருத்தணியில் இல்லை. மீள்நினைவு (நடந்து முடிந்தது மறுபடி கண்முன் நடப்பது) என்று மருத்துவத்தில் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அது நினைவு அல்ல, ஓர் இடம். சாலை, புகை, ரப்பர் எரிகிற வாடை. நான் ஒரு தண்ணீர் லாரியின் சக்கரத்துக்குப் பின்னால் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையில் காவ்யா இல்லை.

அவள் அம்மாவைப் போலக் கெட்டிக்காரி. நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிவந்த ஒரு குடும்பத்திடம் போன் வாங்கி வீட்டுக்குப் பேசியிருக்கிறாள். தனலட்சுமி அவளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னையும் தேடிப் பிடித்தபோது, காவ்யா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நீ என் கைய உட்டுட்ட."

மறுநாள் காலை, கூட்டிப்போக வந்த தன் மாமனோடு பள்ளிப்பட்டு பஸ் ஏறிவிட்டாள். கையில் கட்டோடு போன நாளில்கூட அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். இம்முறை பார்க்கவில்லை. நான் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் தோன்றினால் அதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொன்னது அடுத்த வியாழக்கிழமை.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. "எப்படி இருக்கீங்க சார்?" எழுந்து நின்றேன். வாய் தானாகத் திறந்து "எல்லாம்" என்றது. அதற்குமேல் வரவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜெயந்தி காத்திருந்தார். இம்முறை நான் லைனைச் சோதிக்கவில்லை.

"மேடம், நான் சொன்னது எதுவும் நெஜமில்ல" என்றேன். "எதுவுமே."

"சரி."

"பதினோரு வாரமும்."

அவர் மெல்லச் சிரித்தார். கேலியாக இல்லை. "அப்ப நான் பதினோரு வாரமா யார்கிட்ட பேசினேன்?" என்றார். பிறகு, "நிக்கறீங்களா, உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நிற்கிறேன் என்றேன். உட்காரச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான். யாரும் என்னை உட்காரச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. செத்துப்போகத் தோன்றியதைச் சொன்னேன். இப்போதும் தோன்றுகிறதா, என்ன செய்ய நினைத்தீர்கள், கூட யார் இருக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொன்றாக, சுற்றிவளைக்காமல் கேட்டார். தனலட்சுமியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். தறியை நிறுத்திவிட்டு அவள் வந்து பேசினாள். அதிகம் பேசவில்லை, "ஆங்... ஆங்..." என்று கேட்டுக்கொண்டாள். வைத்த பிறகு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல பாவா" என்றாள். சொல்லியிருக்கலாம்தான்.

தப்பு என் பக்கம் மட்டுமில்லை என்று மருத்துவரே சொன்னார். கேட்கும் விதத்தையும் மாற்றவேண்டியிருந்தது. அதன்பிறகு ஜெயந்தி "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதை விட்டுவிட்டார். மதியம் என்ன சாப்பிட்டீர்கள், அதில் உப்பு இருந்ததா, பாதம் தரையில் படுகிறதா, தரை சூடா குளிர்ச்சியா என்று கேட்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. சாம்பாரில் என்ன போட்டார்கள் என்று பட்டாளத்துக்காரனிடம் கேட்பது ஒரு வைத்தியமா? ஆனால் சாம்பாருக்கு "எல்லாம் சரி" என்று அறிக்கை தர முடியாது. முருங்கைக்காய் என்றோ கத்தரிக்காய் என்றோதான் சொல்லியாக வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், கேட்காமலே, அந்தச் சாலையைச் சொன்னேன். வடக்கே ஒரு மலைச்சாலை. சாலையில் வெடி புதைத்திருக்கிறதா என்று சோதிக்கப் போன குழு, வழியில் ஆபத்தில்லை என்று செட்டில் சொன்னது. அதை நான் எங்கள் வண்டி வரிசையின் முன்வண்டிக்குச் சொன்னேன். முன்வண்டியை ஓட்டியவன் பல்ராம், என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன். கால் மணி நேரத்தில் அந்த வண்டி இல்லை. அவன் காதில் கடைசியாக விழுந்தது என் குரல்.

ஜெயந்தி வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. லைன் அறுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. "உங்களுக்கு வந்த செய்தியத்தான் நீங்க சொன்னீங்க" என்று பிறகு சொன்னார். அது எனக்கும் தெரியும். தெரிந்ததை இன்னொரு வாய் சொல்லிக் கேட்பது வேறாக இருந்தது.

பாரம் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. இன்றும் கரண்ட் போனால் எழுந்துவிடுகிறேன், ஆனால் ஓடுவதில்லை. ரயிலில் நடு இருக்கையில் உட்கார்ந்து சென்னை போய்வந்திருக்கிறேன், சட்டை நனைந்துவிட்டது. காவ்யாவிடம் நானே போன் பண்ணி, பயந்ததால்தான் கை நழுவியது என்று சொன்னேன். பல வாரம் "ம்" மட்டும் கொட்டினாள். ஒருநாள், "பயமா இருந்தா முன்னாடியே சொல்லிடணும். கம்முனு வந்துகினு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று திட்டினாள். சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். அந்தக் கோடையில் மாமனிடம் அவளே பேசி, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சேர்க்கைப் படிவத்தோடு பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்தோம். பின்னால் வரிசையாகப் பெற்றோர்கள், பிள்ளைகள். முதுகு கூசியது, காவ்யாவிடம் சொன்னேன். அவள் தன் நாற்காலியை என் முதுகை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுத்தரிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். சொன்னார்.

பல்ராம் இறந்த நாள் கடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே என் தாடை இறுகிவிடும், சோறு இறங்காது. காலண்டரைக் கிழித்து எறிந்தாலும் உடம்பு கண்டுபிடித்துவிடும். இந்த ஆண்டு உடம்பு சீருடைக்கு அளவு கொடுக்கவும் ஷூ வாங்கவும் அலைந்துகொண்டிருந்துவிட்டது. மன்னித்துக்கொள் என்று அவனிடம் மனதுக்குள் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில், சொல்லக் கூசுகிற அளவுக்கு, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

"இன்னா நைனா, பேனாவ வெச்சிகினு ஒக்காந்துட்ட? தேதி போடு" என்றாள் காவ்யா.

அன்றைய தேதியைப் போட்டேன்.