கன்று நிற்கிறதே என்று கேட்டவர்

டாக்டர் வேலுத்தாய் மறைந்த செய்தி, விடியற்கால வகுப்புக்காக நான் பயிலகத்தின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, அவருடைய அண்ணன் தங்கராசு அவர்களின் தொலைபேசி வழியாக வந்தது. "தூக்கத்துலயே போயிட்டா டீச்சர். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றார். அவரை அறிந்த உங்களிடம் மறைப்பதற்கில்லை: முதலில் என்னுள் எழுந்தது ஆறுதலே. ஓராண்டுக் காலம் ரத்தப் புற்று அவரைப் படுத்திய பாட்டை அருகிருந்து கண்டவர்கள் இதைத் தவறாகக் கொள்ள மாட்டார்கள். துயரமும் வந்தது, சற்றுப் பின்னால் வந்தது.

உங்களில் பெரும்பாலோர் அவரைக் கூடலூர் கால்நடை மருந்தகத்தில், முழங்கை வரை நனைந்த கைகளுடன் கண்டிருப்பீர்கள். நான் அறிந்த வேலுத்தாய் வேறொருவர். குமுளி ஜீப்புகள் நிற்குமிடத்துக்கு நேர் மேலே, மாடியில் இயங்கிய என் தட்டச்சுப் பயிலகத்தில், கணினியின் முன் முதுகை நிமிர்த்தி அமர்ந்து, கடிகாரத்தோடு போராடிக்கொண்டிருந்த தேர்வர் அவர். ஏறக்குறைய என் வயதினர். அவர் என்னை டீச்சர் என்பார். நான் அவரை டாக்டர் என்பேன். கடைசி வரை இருவரும் அந்த மரியாதையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவர் என்னிடம் வந்தது 2003ஆம் ஆண்டின் இறுதியில். கால்நடைகளிடையே நோய் பரவும் விதத்தை ஆராயும் மேற்படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவரை ஏற்க முன்வந்திருந்தது. அதற்கு முன் ஒரு நுழைவுத் தேர்வு. அதன் மற்றப் பகுதிகளைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எழுத்துப் பகுதிதான் இடித்தது. யாரோ ஒருவரின் வாதத்தைத் திரையில் காட்டுவார்கள். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று அரை மணி நேரத்துக்குள் ஆராய்ந்து, ஆங்கிலத்தில் கட்டுரையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அரசுப் பணியில் இருந்துகொண்டே படிக்கச் செல்ல விடுப்பு பெறும் வயது வரம்பை அவர் அடுத்த ஆண்டோடு கடக்கவிருந்தார். ஆகவே தேர்வு ஒருமுறைதான். தவறினால் மறுமுறை இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிறகு படித்தவை யாவும் தனித்தேர்வராக எழுதித் தேறியவை. ஆங்கில நாளிதழ்த் தலையங்கங்களை நாள்தோறும் தட்டச்சு செய்தே அம்மொழியைக் கற்றேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான், "விரலைப் பழக்கிவிடுங்க டீச்சர், போதும்" என்று அவர் கேட்டபோது, விரலோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இருவரும் அருகருகே அமர்ந்து ஒரே வினாவுக்கு எழுதுவது, மணி அடித்ததும் கையை எடுத்துவிடுவது, பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது என்று ஏற்பாடாயிற்று.

முதல் நாள் வினா ஒரு பூங்காவைப் பற்றியது. ஒரு நகரத்தில் பூங்கா திறந்தபின் கடைகளில் வியாபாரம் கூடிற்றாம். எனவே இன்னொரு பூங்கா அமைத்தால் இன்னும் கூடுமாம். கீழே "குமுளி, குமுளி" என்று ஓட்டுநர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பாதி நேரத்துக்குள்ளேயே முடித்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். எடுத்துப் பார்த்தேன். பூங்கா நல்லது, உடனே அமைக்கலாம், வேம்பு நடலாம், தண்ணீர் வசதி முக்கியம். அவ்வளவுதான். வாதத்தை எடை போடச் சொன்னால் மருந்துச் சீட்டு எழுதியிருக்கிறீர்களே என்றேன்.

அவர் சிரித்தார். "வந்தவுக கஷ்டத்தைச் சொல்லுறாக. நீங்க சொல்றது சரியான்னு நான் திருப்பிக் கேட்டா, மாட்டை வேற டாக்டர்கிட்ட ஓட்டிட்டுப் போயிருவாக டீச்சர்."

என் கட்டுரையின் கதியையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. கோயில் திருவிழாப் பட்டிமன்ற மேடைகளில் பேசிப் பழகியவள் நான். அவையடக்கம் கூறி, நகரங்களின் தோற்றத்தை விரித்து, பொருளுக்குள் நுழையவிருந்த வேளையில் மணி அடித்துவிட்டது. டாக்டர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "பூங்காவுக்கு இன்னும் கேட்டே திறக்கலையே டீச்சர்" என்றார்.

வாரங்கள் சென்றன. என் முன்னுரைகள் சுருங்கின. அவருடைய கட்டுரைகள் மட்டும் அசையவில்லை. எவர் எதைச் சொன்னாலும் அதை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்குப் பரிகாரம் எழுதிவிடுவார். இந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவம் பார்ப்பவர்களின் பழக்கம் அது. மாடு வாய் திறக்காது. கொண்டுவந்தவர் சொல்லைத்தான் நம்ப வேண்டும். மருந்தின் பெயரைக் கேட்காமல் அவர் படியிறங்க மாட்டார். அந்தப் பழக்கத்தோடு தேர்வுக் கூடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இருவருமே அறிந்திருந்தோம். தேர்வு நெருங்க நெருங்க அவர் பேச்சுக் குறைந்தது. "போகாட்டி என்ன, இங்கன மாடு இல்லையா" என்று ஒருநாள் சொன்னார். சொன்ன விதத்திலேயே அவருக்குப் போக எவ்வளவு ஆசை என்பது தெரிந்தது.

அந்நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவர் படியேறி ஓடிவந்து, முத்தையா என்னும் விவசாயியின் பசு செத்துவிட்டதென்றும், அங்கே கைகலப்பு வரும் போலிருக்கிறதென்றும் கூறினார். டாக்டர் உடனே எழுந்தார். என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்.

முத்தையாவின் தோட்டத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் முதல் நாள் கொடிக்கு மருந்தடித்திருந்தார். அந்த மருந்து வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதால்தான் பசு செத்ததென்று முத்தையா கொதித்துக்கொண்டிருந்தார். "நேத்து மருந்தடிச்சான். இன்னைக்கு மாடு செத்துப்போச்சு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றார்.

டாக்டர் அவரை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. செத்த பசுவின் அருகே, அவருக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். சற்று நேரம் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "கன்னு எந்தத் தண்ணி குடிச்சுச்சு?"

"அதே வாய்க்காத் தண்ணிதான்."

"கன்னு நிக்குதே அண்ணே."

முத்தையா திரும்பிக் கன்றைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. டாக்டர் குரலை உயர்த்தவேயில்லை. மருந்தடித்த மறுநாள் செத்தது என்பதாலேயே மருந்தால் செத்தது என்று ஆகிவிடுமா, வாய்க்காலில் வேறு எவர் மாடாவது குடித்ததா, காலையில் பசு எங்கே மேய்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் முத்தையாவின் மனைவி, பசு காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு வாடிய இளஞ்சோளத்துக்குள் புகுந்துவிட்டதைச் சொன்னார். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு நஞ்சு. தின்ற சிறிது நேரத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் அதுவே கிடந்தது. திராட்சைத் தோட்டக்காரர் வேலியோரம் சென்று, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் புறப்படுமுன் முத்தையாவின் கையைப் பிடித்து, "உங்க கோவம் நியாயம்ணே. ஆளுதான் வேற" என்றார்.

திரும்பும் வழியில், இப்போது பேசியதை அப்படியே எழுதுங்கள் என்றேன். அவர் திகைத்தார். "அது சண்டைய அமத்துற பேச்சு. அதெல்லாம் பரீட்சைக்கு ஆகுமா?"

அங்கே பேச முடிந்தது ஏன், இங்கே எழுத முடியாதது ஏன் என்று நானும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அங்கே, ஒருவர் சொல்லை அப்படியே நம்பினால் இன்னொருவர் அடிபடுவார் என்பது கண்ணெதிரே தெரிந்தது. தாளில் அப்படி எவரும் தெரிவதில்லை. "ஒவ்வொரு வினாவுக்குப் பின்னாலும் ஒரு பக்கத்துத் தோட்டக்காரர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர்" என்றேன். அவர் பயிலகத்துக்கு வந்து, கைகழுவி, பாதியில் நின்ற கட்டுரையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். மணி அடித்தபோது திரை நிரம்பியிருந்தது. கைகளை எடுக்க அவருக்கு மனமில்லை.

சென்னையில் தேர்வெழுதி வந்தார். முடிவு வரும்வரை அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று எங்களுக்குள் சொல்லாமலே ஓர் உடன்பாடு இருந்தது. ஒரு பிற்பகலில் படியேறி வந்து, மூச்சு வாங்க நின்று, "இதுல பாஸ் ஃபெயிலு இல்ல டீச்சர். ஆனா அவுக கேட்ட அளவு வந்துருச்சு" என்றார். வகுப்பில் பிள்ளைகள் இருந்ததையும் மறந்து நான் அவரைக் கட்டிக்கொண்டேன். சென்றார், படித்தார், பலர் சொன்னதற்கு மாறாகத் திரும்பியும் வந்தார். தேனி மாவட்டம் முழுதும் சுற்றி, எந்த ஊரில் எந்த நோய் எப்படிப் பரவுகிறதென்று கண்டறியும் பணியில் எஞ்சிய ஆண்டுகளைச் செலவிட்டார். அதன் பயனை உங்கள் தொழுவங்கள் அறியும்.

இறுதிச் சடங்கன்று, எல்லோரும் கலைந்தபின் தங்கராசு அவர்கள் என்னருகே வந்து அமர்ந்தார். பெரிய உருவம், குரல் மட்டும் சிறுத்திருந்தது. "அந்தக் குளிரும், அங்கன லேப்புல தொட்ட மருந்தும்தான் டீச்சர் இவளைக் கொண்டுபோயிருச்சு. பிளேன் ஏத்திவிட்டவன் நான். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

இந்தக் கணத்தை டாக்டர் முன்னரே அறிந்திருந்தார். சென்ற மாதம் மருத்துவமனையில் என்னை அருகே அழைத்துச் சொன்னதை அப்போது அவருடைய அண்ணனிடம் சொன்னேன். "போன இடத்துக்கும் இந்த நோவுக்கும் முடிச்சுப் போட எந்த டாக்டர்கிட்டயும் ஆதாரம் இல்ல. நானே எல்லாத்தையும் பாத்துட்டேன். அங்க போகாதவுகளுக்கும் இது வருது. அண்ணன் தன் மேல பழியப் போட்டுக்குவாக. அன்னைக்கு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாக."

தங்கராசு அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எல்லாத்தையும் பாத்துட்டேன்னா சொன்னா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். அவர் தோள்கள் இறங்கின. அதன் பிறகே அவர் தங்கைக்காக அழுதார். அதுவரை அழுதது தனக்காக.

டாக்டரிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது இதுவே: ஒருவர் நெஞ்சிலிருந்து பொருந்தாத பழியை இறக்கி வைக்க, அன்பு மட்டும் போதாது, உண்மையைத் தேடிப் பார்த்துவிட்டு வந்த அன்பு வேண்டும்.