மஞ்சள் பூசிய வெள்ளை

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்னும் தடுமாறுவேன். புனேக்கு வந்த பிறகு நான் எழுதியதெல்லாம் துணி மூட்டைகளின் மேல் வீட்டு எண்கள்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஔந்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டை ஒட்டி என் இஸ்திரிக் கடை. வீடு பின்தெருவில், வரிசை வரிசையாக அறைகள் கொண்ட பழைய சாள் ஒன்றின் மாடியில் இரண்டு அறை. என் ஒரே மகள் வேலைக்குப் போன முதல் வருஷம் இரண்டு கினி பிக் வாங்கி வந்தாள். முயலைவிடச் சிறியவை, வால் கிடையாது. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பக்கத்து வீட்டார் எலி என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி ஓசூருக்குப் போகும்போது, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப் போனாள்.

எனக்கு அதிகம் பேச வராது. வீட்டில் பேச்சு என்றால் அது மகளுடையது. அவள் போன பிறகு, நான் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டால் இந்த இரண்டும் விசிலடிக்கும். கொத்தமல்லிக் காம்புக்காகத்தான், தெரியும். இருந்தாலும் நான் வந்துவிட்டேன் என்று யாரோ சொல்வது மாதிரி இருக்கும்.

இந்த வருஷம் மழை மே மாதத்திலேயே பிடித்துக்கொண்டது. கூண்டில் விரித்த துணி காயவே இல்லை. ஒருநாள் வெள்ளையின் மூக்கருகே முடி கொட்டி, வட்டமாகச் செதில் தெரிந்தது. நம் வீட்டில் சொறி சிரங்கு என்றால் என்ன செய்வோம்? மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். இரண்டு நாளில் காதோரமும் வட்டம் வந்தது. கறுப்புக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று அதைப் பிரித்து வேறு பெட்டியில் விட்டேன். அன்றிலிருந்து இரண்டும் தீனியைத் தொடவில்லை.

என் மனைவி தள்ளி நின்று பார்த்தாள். மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். வளைகாப்பு முடித்து, ஆடி பிறப்பதற்குள் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதாகப் பேச்சு.

"வயித்துப்பிள்ளையோட வர்றவளுக்கு படர்தாமரைய சீரா குடுக்கப் போறீங்களா? அவ வர்றதுக்குள்ள இதுங்க ரெண்டும் எங்கயாவது போயிருக்கணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எனக்காகப் பேசியது மகள்தான். இந்த முறை நானே அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் போய், நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அந்தம்மா வெள்ளையின் மஞ்சள் முகத்தைப் பார்த்து, "ஹல்தி ஹோ கயீ? ஷாதி கப் ஹை?" என்றார். இந்த ஊரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசுவார்கள்; மஞ்சள் ஆயாச்சே, கல்யாணம் எப்போது என்கிற கேலி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பேசவும் வந்தது. மகளின் மாதத்தையும் சொன்னேன்.

மஞ்சளில் தோலின் நிறமே தெரியவில்லை என்று ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பூஞ்சைதான், மனிதர்களுக்கும் ஒட்டும், கர்ப்பமான பெண் தொடவே கூடாது என்றார். ஆனால் பிரித்து வைத்ததற்குத்தான் அதிகம் கோபித்தார். இவை துணை இல்லாமல் வாடும், தீனியை விட்டால் வியாதியைவிடச் சீக்கிரம் அதுவே கொன்றுவிடும். சேர்ந்தே இருக்கட்டும், இரண்டுக்கும் மருந்து கொடு என்றார். மேலே களிம்பு, வாய்க்கு ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டு மருந்து. முடி முளைத்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. முடியைப் பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பி, பூஞ்சை இல்லை என்று முடிவு வந்தால்தான் விடுதலை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அவ வரும்போது இதுங்க இல்லன்னா நான் அவகிட்ட என்ன பேசுவேன்?"

அவள் கூண்டை வெளியே, அறைகளுக்கு முன்னால் ஓடும் கேலரியின் கடைசி மூலைக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

சாரல் அடிக்காமல் தார்ப்பாய் கட்டினேன். பழைய பருத்திப் போர்வைகளைக் கிழித்து விரிப்பாக்கினேன். தினமும் அவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் அலசி, பரணில் கிடந்த பழைய கரி இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, ஈரம் போகும்வரை அங்கேயே தேய்ப்பேன். கடைத் துணிக்கு அருகில் அந்தப் பெட்டியைக் கொண்டு போனதில்லை. கையுறை, அதற்கென்று ஒரு சட்டை, முடித்ததும் குளியல். வெள்ளை மருந்தைத் துப்பும். கறுப்பு என் முழங்கை மடிப்பில் தலையைச் செருகிக்கொள்ளும்.

மகள் ஆனியில் வந்தாள். வெள்ளையின் மூக்கில் அப்போதுதான் பூனைமுடி மாதிரி முளைத்திருந்தது. சோதனை முடிவு வரவில்லை. அவள் கேலரிப் பக்கம் போகவில்லை. அறைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "டேய் குண்டுகளா" என்று கூப்பிட்டாள். தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து இரண்டும் விசிலடித்து ஓய்ந்தபாடில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சமையலறையில் நெல்லிக்காய் இரண்டு கிண்ணமாக நறுக்கப்பட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று. "எல்லாம் ஒரே பத்தியம்தான்" என்று மனைவி முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை என்னிடம் நீட்டுவாள்.

ஆடி பாதியில் டாக்டரம்மா போன் செய்தார். இரண்டும் சுத்தம். மறுமுறை கேட்டேன். சுத்தம்தான்.

கூண்டைக் கழுவித் துடைத்து உள்ளே கொண்டு வந்தேன். மகள் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். "மடியில வைப்பா" என்றவள், குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மடி எங்கப்பா இருக்கு? எல்லாம் வயிறுதான்."

பக்கத்தில் உட்கார்ந்து என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவள் கையை நீட்டி வெள்ளையின் மூக்கில் விரல் வைத்தாள், வட்டம் இருந்த இடத்தில். அது அசையாமல் கண்ணை மூடிக்கொண்டது. கறுப்பு விசிலடித்து நெல்லிக்காய் கேட்டது.

"ரெண்டு பேரும் கைய சோப்பு போட்டு கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள் மனைவி.

மகள் உள்ளே தூங்குகிறாள். அடுத்த மாதம் பிரசவம். அதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்றிருந்தேன்.

ஆவணி முதல் ஞாயிறு, மழை விட்ட மத்தியானம்.