மடவை மூளைக்கு அச்சு செய்தவர்

எங்கள் துறைப் பேராசிரியர் ஜெனோவா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் கையில் பிளேடு இருந்தது. விடுமுறை நாள்; எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் நான் மட்டும்தான். சத்தத்தை அணைத்து வைத்திருந்த கைப்பேசியைத் தற்செயலாகப் பார்த்தால், அவருடைய கணவர் ரொசாரியோ அழைத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, எங்க இருக்கிய? காலையில இருந்து அடிக்கோம். ஜெனோவா நேத்து ராத்திரி மாரடைப்புல போயிட்டா. பூசை முடிஞ்சதும் அடக்கம். சீக்கிரம் வாங்க." எனக்கு முன்னால், ஜெனோவா செய்த அச்சில், குளிரவைத்து இறுக்கிய மடவை மீனின் மூளை இருந்தது. விட்டால் இளகிவிடும். "இதோ வாரேன்" என்று சொல்லிவிட்டு, வெட்டி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

அந்த அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொச்சைக்கொட்டை அளவு மூளையைச் சம கனத்தில் வெட்டினால்தான் நுண்ணோக்கியில் எதையும் ஒப்பிட முடியும். விலைக்குக் கிடைக்கும் அச்சுகள் எலிக்கானவை. அந்த விலையும் எங்கள் துறைக்கு எட்டாது. நான் வெறுங்கையால் வெட்டிப் பாழாக்கிக்கொண்டிருந்தேன். "என்ன அண்ணாச்சி, கருப்பட்டியா உடைக்கிய?" என்று ஜெனோவா கேட்டார். என் அப்பாவுக்கு ஏரலில் பலசரக்குக் கடை. அதை வைத்து என்னைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது. பிறகு, "வாங்க முடியலன்னா வரைஞ்சுக்கிடுவோம்" என்றார். மூளையைச் சுற்றிச் சுற்றிக் கைப்பேசியில் படமெடுத்தார். இலவச மென்பொருளில் முப்பரிமாண உருவம் செய்தார். பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய மலிவான பிரிண்டரில் பிளாஸ்டிக் அச்சாக எடுத்தார். மூளை உட்கார ஒரு குழி, பிளேடு இறங்க வரிசையாகக் கீறல்கள், அவ்வளவுதான்.

முதல் அச்சில் எந்த மூளையும் உட்காரவில்லை. ஃபார்மலினில் பல நாள் கிடந்து சுருங்கிப்போன மூளைக்கு அளவெடுத்திருந்தார். புது மூளை அதில் நசுங்கியது. வேறொருவராக இருந்தால் குப்பையில் போட்டு மறைத்திருப்பார். இவர் அதை மேசைமேல் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம், "சுருங்கினது மீன் மூளை மட்டுமில்ல, என் மூளையுந்தான்" என்று காட்டிச் சிரித்தார். திருத்திய வடிவத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டார். எங்கள் ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை பொறுக்கலாமே என்றேன். "பூட்டுன கடையில யாவாரம் நடக்குமா அண்ணாச்சி? ஒங்க அப்பாகிட்ட கேளுங்க" என்றார்.

"ஆள் காத்திருப்பான், மூளை காத்திருக்காது." இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய இந்த வாசகம் மனப்பாடம். சொந்த மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கே பந்தி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தவர். அவரே அப்படித்தானே என்று வண்டியில் போகும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாக்குக்கா பஞ்சம்!

கல்லறைத் தோட்டத்துக்கு நான் போனபோது பெட்டியை மூடிக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். ரொசாரியோ கப்பலில் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முரட்டு மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மொகம் பாக்கணுமேன்னு மூட விடாம நிறுத்தி வச்சேன் அண்ணாச்சி. அவ கூடப் பொறந்தவனெல்லாம் சத்தம் போட்டான். ஃபாதர் எவ்வளவு நேரம் நிப்பாரு?" துறைமுக ரோட்டில் ஒரே லாரி என்றேன். அங்கே நின்ற உங்களில் சிலர்கூட அதைக் கேட்டு, பாவம் என்பதுபோல் தலையசைத்தீர்கள். இழவுக்குப் போன இடத்தில் பொய் சொன்னவன் நான்.

ஏழாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் ரொசாரியோவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.  அவரோ, "வெட்டு நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

நன்றாகத்தான் வந்திருந்தது. அவ்வளவு சீரான துண்டுகளை நான் அதற்குமுன் வெட்டியதே இல்லை. செய்தி கேட்ட பிறகும் என் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை. அச்சு எல்லோருக்கும் பொது. ஜெனோவாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த நடுங்காத கைகள்தான். அவற்றைக் கூப்பி அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூசுகிறது.