பாணா என்றால் மூச்சுள்ளது

கமலக்கண்ணனால் உட்கார்ந்து பாடம் எடுக்க முடியாது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்களை அளந்து பார்க்கிற வேலை, நாள் முழுக்க நின்றே பழகிய கால்கள். ஞாயிறு காலையில் மொட்டை மாடியில் நடந்தபடியே கூகுள் மீட்டில் பாலி மொழிச் சொற்கள் சொல்லிக்கொடுப்பார். கேட்பவர்கள் புதிதாகப் பௌத்தம் தழுவியவர்கள். புத்த பூர்ணிமாவன்று ஐந்து சீலங்களையும் அவர்கள் பொருள் தெரிந்து சொல்ல வேண்டும். அர்த்தம் தெரியாத உறுதிமொழி யாருக்கு வேண்டும் என்பார்.

அன்று முதல் சீலம்.

"பாணான்னா மூச்சு விடுற உயிர். அதிபாதான்னா கொல்றது. பாணாதிபாதா வேரமணி, உயிரக் கொல்றதுல இருந்து விலகி நிக்கறேன்."

மத்தூர் வெங்கடம்மா கேட்டார். பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போட்டு நூல் எடுக்கிற பட்டறையில் அவருக்கு வேலை.

"சார், கூட்டுக்குள்ள இருக்கற புழுவும் பாணாதானுங்களா?"

கமலக்கண்ணன் நின்றுவிட்டார்.

"அது... அப்புறம் சொல்றம்மா."

அந்த வாரம் அவருக்கு எதுவுமே ஓடவில்லை. அளந்த பாகத்தையே மறுபடி அளந்தார். கம்பெனி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மனைவி மஞ்சுளா பார்த்துவிட்டு, "அது பாணா இல்லீங்க, பருப்பு. பயப்படாம தின்னுங்க" என்றார்.

"ஆமான்னு சொன்னா அந்தம்மா வேலைய விடணும், இல்ல சீலத்த விடணும் மஞ்சு. இல்லன்னு சொல்லிட்டா?"

"அப்ப நீங்க வாத்தியார் வேலைய விட்டுருங்க."

பூர்ணிமாவுக்கு முந்தைய நாள் போன் செய்தார். அந்தப் பக்கம் நூல் சுற்றும் ராட்டைச் சத்தம்.

"வெங்கடம்மா, புழுவும் பாணாதாம்மா."

ராட்டைச் சத்தம் நின்றது. பிறகு அவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"இங்க எல்லாரும் அது தூங்குது, அதுக்குத் தெரியாதும்பாங்க சார். நீங்களும் அதையே சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டிருந்தேன்."

"வேலை?"

"வேற கெடைக்கற வரைக்கும் விட முடியாதுங்க. புள்ளைங்க இருக்குதுங்க."

"அப்ப நாளைக்கு வரமாட்டீங்களா?"

"வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்? நல்லா கேட்டீங்க போங்க!"

பூர்ணிமா காலை. "பாணாதிபாதா" என்று கமலக்கண்ணன் தொடங்க, திரையில் இருந்த எல்லோரும் கூடச் சொன்னார்கள். வெங்கடம்மாவின் கட்டத்தில் மட்டும் மைக் அணைந்திருந்தது. கை கூப்பியிருந்தார், உதடு அசையவே இல்லை. காப்பாற்ற முடியாத வாக்கை அவர் கொடுக்கவில்லை!

இரண்டாவது சீலம், திருடாமை. மைக் திறந்தது. "அதின்னாதானா வேரமணி" என்று எல்லாக் குரலுக்கும் மேலே அவர் குரல்.

மூன்றாவதைத் தொடங்காமல் கமலக்கண்ணன் வெங்கடம்மாவின் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

வெங்கடம்மாவே தொடங்கினார்.