அளக்காமல் விட்ட தாண்டல்

மணலில் பதிந்திருந்த இரண்டு குதிகால் தடங்கள் இன்றும் என் கண்ணிலேயே நிற்கின்றன. திருச்சியில் நடந்த தேர்வுப் போட்டியில், கல்லூரியில் எனக்கு மூத்தவரான அக்கா தாண்டி விழுந்த இடம் அது. திருவெள்ளறையில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். நீளம் தாண்டுதலில் மூன்று ஆண்டுகளாக மாநிலத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. அன்று மட்டும் முதல் இரண்டு முறையும் அவர் கால் உந்துபலகையைத் தாண்டிப் பட்டு, அந்தத் தாண்டல்கள் செல்லாமல் போனதால், முதலிடத்தில் நான் இருந்தேன். தேசியப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். கடைசி முறை அக்கா தாண்டியது, அதுவரை அவர் தாண்டிய அத்தனையையும் மிஞ்சியது. தாண்டல் செல்லும் என்று நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. அளக்க வேண்டியவர்கள் நாடாவைப் போட்டுவிட்டு மாலையோடு ஓடினார்கள். எங்களையும் கைகுலுக்க வரிசையில் நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது யாரோ மணலைச் சமப்படுத்தியிருந்தார்கள்.

“இன்னொரு தடவை தாண்டிக்கம்மா” என்றார் பொறுப்பாளர், சிந்திய காபிக்கு இன்னொரு டம்ளர் தருவதுபோல.

“வெள்ளைக் கொடி காட்டினீங்களே சார். நான் எங்க விழுந்தேன்னு இவளும் பார்த்தா” என்று அக்கா என்னைக் காட்டினார்.

கொடி காட்டியவர் தரையைப் பார்த்தார். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார்.

“நான் கவனிக்கலைங்க சார்” என்றேன்.

அக்கா மறுபடி ஓடிவந்து தாண்டினார். விழுந்ததில் முழங்கால் பிசகியது. அது பழையபடி ஆகவே இல்லை. எத்தனையோ மனு எழுதினார். பதிவேட்டில் அப்படியொரு தாண்டலே இல்லை என்று பதில் வந்தது. எழுத வேண்டியவர்கள் மாலை பிடிக்கப் போய்விட்டால் பதிவேட்டில் எப்படி இருக்கும்? அவருக்குப் பதிலாகப் போன நான் ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் எனக்கு அரசு வேலை வாங்கிக் கொடுத்தது.

போன மாதம் அதே போட்டிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அழைப்பிதழைப் படித்ததும் உடம்பு பற்றி எரிந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே இருந்தது. வர முடியாது என்றும், அன்று நான் பார்த்தது என்ன என்றும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அதன் நகலை எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் அக்கா நடத்தும் மருந்துக்கடைக்குப் போனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

“அன்னைக்கு நீ சொல்லியிருந்தா மட்டும் அளந்திருக்கவா போறாங்க?” என்றார். காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

“ஆனாலும் நீ சொல்லியிருக்கலாம்.”