படகில் கட்டிய அம்மன் கயிறு

காற்று பலமாக வீசினால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. கதவைச் சாத்துவேன், திறப்பேன். கொடியில் காயும் துணியை எடுப்பேன், மறுபடி போய்ப் போடுவேன். என் வீட்டுக்காரர், "உனக்கு என்னதான் வந்தது?" என்பார். அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும். முழுக்க அடங்கியதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, எங்களோடு இருந்தார். அடையாற்றில் வசதியானவர்கள் சின்னச் சின்னப் பாய்ப்படகுகளில் பந்தயம் விடுவார்கள். அந்தப் படகுகளைக் கழுவி, வண்ணம் அடித்து, தண்ணீரில் இறக்கி ஏற்றுகிற கொட்டகையில் மாமாவுக்கு அன்றாடக் கூலி வேலை. அது நிரந்தரமானால் பெண் கொடுக்கிறோம் என்று திருவான்மியூரில் ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணை நானும் பார்த்திருக்கிறேன். தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டவள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மாமா சைக்கிளை அப்படியே சுவரில் சாத்திவிட்டு ஓடி வந்தார்.

"அக்கா! துரையோட கூட்டாளிக்கு ஜுரமாம். நாளைக்குப் பந்தயத்துல நான் அவரோட ஏறணுமாம். முதல்ல வந்தா வேலைய பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்னுட்டாரு!"

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. ஏதோ கம்பெனியில் பெரிய அதிகாரி, தமிழர்தான். கொட்டகையில் எல்லாருக்கும் அவர் துரை.

மறுநாள் காலையிலிருந்தே காற்று. ஓட்டு வீட்டில் எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அம்மா இரண்டு முறை கோயிலுக்குப் போய் வந்துவிட்டாள். இரண்டாம் முறை வரும்போது கையில் சிவப்புக் கயிறு, அதில் கோத்த தாயத்து.

"கையைக் காட்டுடா."

"வேணாங்கா. துரை பாத்தா சிரிப்பாரு. பயந்தாங்கொள்ளின்னு கரையிலயே வுட்டுட்டுப் போயிடுவாரு."

அம்மா கயிற்றை என் பாவாடை நுனியில் முடிந்தாள். "நீயும் கூடப் போடி. கட்டாம அவனைப் படகுல ஏற விடாதே" என்றாள்.

சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து போனேன். சாந்தோம் பக்கம் எதிர்காற்று. மாமா எழுந்து நின்று மிதித்தார். எனக்கு அந்த முடிச்சை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை. தாயத்து இருக்கிறதா, இருக்கிறதா என்று தடவிக்கொண்டே வந்தேன்.

மழை முடிந்த ஆறு கரை முட்ட இருந்தது. பந்தயத்துக்கு மொத்தம் ஆறு படகுகள். மாமா துரையின் படகை எனக்குக் காட்டினார். துரை சுக்கான் பிடிப்பாராம், மாமா பாயின் கயிற்றைப் பிடிக்க வேண்டுமாம். அந்தக் கயிறு ஒரு குட்டிச் சக்கரத்துக்குள் நுழைந்து பாய்க்குப் போனது.

"காத்து குபீர்னு வந்தா கயித்த வுட்டுடணும் பாப்பா. அவ்ளோதான். வுட்டா படகு தானா நிமிந்துக்கும். எங்க ரெண்டு பேர் உசுரும் இந்தக் கயித்துலதான் கீது."

"கையைக் காட்டு மாமா" என்றேன். துரை அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அழுகை வந்தது. கட்டாமல் ஏற விடாதே என்று அம்மா சொன்னாளே. அப்போதுதான் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. உயிர் அந்தக் கயிற்றில் இருந்தால் அம்மன் கயிற்றை அதில்தானே கட்ட வேண்டும்? படகுக்குள் சுருண்டு கிடந்த கயிற்றின் நடுவில் தாயத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மூன்று முடிச்சு போட்டேன். கல்யாணத்தில் அப்படித்தான் போடுவார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடிவிட்டேன்.

விசில் ஊதியதும் எல்லாம் அவசரம். ஒருவரும் கயிற்றைக் குனிந்து பார்க்கவில்லை.

கடலை நோக்கிப் போய், அங்கே மிதந்த பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். காற்று ஒரே சீராக அடித்தால் பரவாயில்லை. சும்மா இருக்கும், திடீரென்று அறையும். படகுகள் ஒரு பக்கமாகச் சாய, ஆட்கள் மறுபக்க விளிம்பில் உட்கார்ந்து முதுகு தண்ணீரில் படுகிற அளவுக்கு வெளியே மல்லாந்தார்கள். என்னால் நிற்க முடியவில்லை. கரையோடு நானும் ஓடினேன். பீப்பாயை முதலில் தொட்டது மாமாவின் படகு!

திரும்பும்போது வந்தது அந்தக் காற்று. தென்னைமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்தன. பின்னால் வந்த படகுகள் கயிற்றை விட்டன. பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன, படகுகள் நிமிர்ந்தன. துரை, "விடுடா! விடு!" என்று கத்தியது கரை வரை கேட்டது. மாமா இரண்டு கையையும் விரித்துவிட்டார். நான் பார்த்தேன். வெறும் கை. ஆனாலும் பாய் விறைப்பாகவே நின்றது. படகு அப்படியே தண்ணீரில் படுத்துவிட்டது.

காவல் படகு போய் இருவரையும் கொண்டுவந்தது. படகையும் இழுத்து வந்தார்கள். மாமா சொட்டச் சொட்டக் குனிந்து அந்தச் சக்கரத்தில் எதையோ நெம்பினார். நிமிர்ந்தபோது கை மூடியிருந்தது. என்னைப் பார்த்தார்.

"காது செவிடா உனக்கு? விடுன்னு கத்தினேனே!" என்றார் துரை.

"பயந்துட்டேன் சார். வுடாம புடிச்சிக்கினேன்."

"கயிறு விடத் தெரியாதவனுக்குப் படகுகிட்ட என்ன வேலை? நாளையிலேருந்து வராதே."

இரண்டு கையையும் விரித்தவர் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபமாக இருந்தது. பெரியவர்கள் பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தாதா?

வீட்டில் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "கட்டிக்கிட்டியா! அதான் அம்மன் உன்னைக் காப்பாத்திட்டா" என்று அழுதாள்.

"ஆமாக்கா" என்றார் மாமா.

திருவான்மியூர்ப் பெண்ணை அடுத்த தையில் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். மாமா பிறகு மாம்பலத்தில் சைக்கிள் கடை வைத்தார். கல்யாணம் வெகு காலம் தள்ளிப்போய்த்தான் நடந்தது.

எனக்கும் கல்யாணமாகிப் போன வீட்டில் கிணறு இருந்தது. சந்தில் நாங்கள் அடிபம்பில் தண்ணீர் பிடித்துப் பழகியவர்கள். ஒருநாள் அறுந்த கயிற்றை முடிந்து குடத்தை இறக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. கயிற்றை விட்டேன். இரண்டு கையும் வெறுங்கை, குடம் இறங்கவில்லை. மேலே ராட்டினத்தில் என் முடிச்சு சிக்கியிருந்தது. மாமியார் கூப்பிடக் கூப்பிட நான் அங்கேயே நின்றேன்.

பந்தயத்தன்று ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வரும்போது காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. மாமா மிதிக்கவே இல்லை. சைக்கிள் கைப்பிடியில் இருந்த அவர் மணிக்கட்டில் அந்த ஈரக் கயிறு.

"பாப்பா, அக்கா கேட்டா நீ என் கையிலதான் கட்டினே. இன்னா?"

தலையாட்டினேன். மாமா பிழைத்தது என் மூன்று முடிச்சால்தான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. குனிந்து அந்தத் தாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை.